வீட்டுக்குள் ஓடும் ஜெல்லிஃபின் வெளியிலிருந்து திறக்கவில்லை: போர்ட் திறந்தும் பயனில்லை (ஃபைபர் இணைப்பு, கடலூர்)

கெடிலக்கரை (மஞ்சக்குப்பம், கடலூர்):

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் 1991 முதல் 2003 வரை தம் வீடியோ கேமராவில் பதிவு செய்த 64 கேசட்டுகளை, அவர் மறைந்த பிறகு ஒவ்வொன்றாகக் கணினிக்கு மாற்றி, ராஸ்ப்பெரி பை 4 என்ற கையளவு கணினியில், சொந்தப் படங்களை இணையம் வழியாக ஓட்டிக்காட்டும் ஜெல்லிஃபின் என்ற மென்பொருளை நிறுவி அதில் சேர்த்து வைத்திருக்கிறேன். உறவினர் திருமணங்கள், காதுகுத்து, தேவனாம்பட்டினம் கடற்கரையில் மாசிமகத் தீர்த்தவாரி, பழைய ஓட்டுவீட்டு முற்றத்தில் பாட்டி கூழ்வற்றல் பிழியும் காட்சி என்று எல்லாம் அதில் இருக்கின்றன. என் அக்காள் புதுச்சேரியில் வாழ்க்கைப்பட்டு, இப்போது குடும்பத்துடன் பிரான்சில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் பிள்ளைகளும் அங்கிருந்தபடியே தங்கள் தொலைக்காட்சியில் இவற்றைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாட்டைச் செய்தேன்.

பழைய செம்புக்கம்பி பிராட்பேண்ட் இருந்தவரை, இரண்டு ஆண்டுகள் இது தடையின்றி நடந்தது. மேலேற்றும் வேகம் நொடிக்கு ஒரு மெகாபிட்டுக்கும் குறைவு என்பதால் கோப்புகளை 700 கிலோபிட் அளவுக்குச் சுருக்கி வைத்திருந்தேன். படம் மங்கலாக இருந்தாலும் ஓடியது. ஃபைபருக்கு மாறினால் முகங்களாவது தெளிவாகத் தெரியும் என்று நம்பி மூன்று வாரங்களுக்கு முன் மாறினோம். அன்றிலிருந்து வீட்டுக்குள் எந்த அறையில் திறந்தாலும் உடனே படம் வருகிறது. வெளியிலிருந்து திறந்தால் ஒரு நிமிடம் சுற்றிவிட்டு, சர்வருடன் இணைய முடியவில்லை என்ற செய்தி மட்டுமே வருகிறது.

நான் செய்து பார்த்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். சேவை நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டியிலிருந்து ஒரு கேபிள் எங்கள் பழைய ரூட்டருக்குச் செல்கிறது. பை கருவி அந்த ரூட்டரில்தான் செருகப்பட்டிருக்கிறது. ரூட்டரில் 8096 என்ற போர்ட்டை (ஜெல்லிஃபினுக்கான அழைப்புகள் நுழையும் எண்ணிட்ட வாசல்) பை கருவிக்குத் திருப்பிவிட்டேன். அது போதவில்லை என்பதால் ஃபைபர் பெட்டியிலும் அதே போர்ட்டைத் திருப்பினேன். கருவிகள் தாமே போர்ட்டைத் திறந்துகொள்ளும் யுபிஎன்பி வசதியை இயக்கினேன். கடைசியில், வரும் எல்லா அழைப்புகளையும் ஒரே கருவிக்கு அனுப்பும் டிஎம்இசட் வசதியையும் இயக்கிப் பார்த்தேன். டைனமிக் டிஎன்எஸ் பெயர் (வீட்டின் இணைய முகவரி மாறினாலும் அதையே காட்டும் நிலையான பெயர்) சரியான முகவரியையே காட்டுகிறது. ஆனால் போர்ட் திறந்திருக்கிறதா என்று சோதிக்கும் தளங்கள் எல்லாம் மூடியிருப்பதாகவே சொல்கின்றன. வாடிக்கையாளர் சேவையை மூன்று முறை அழைத்தேன்; மூன்று முறையும் பெட்டியை அணைத்துப் போடச் சொன்னார்கள்.

நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். சனி, ஞாயிறு மட்டுமே வீட்டில் இருப்பேன். மற்ற நாட்களில் அம்மா தனியாக இருக்கிறார். அவர் எதையும் தொட வேண்டிய தேவை இல்லாத ஒரு வழி வேண்டும். குறை என் அமைப்பில் இருக்கிறதா, அதற்கு வெளியே இருக்கிறதா என்பதை எப்படிப் பிரித்தறிவது?

உப்பனாறு (கடலூர் முதுநகர்):

வணக்கம் ஐயா. முதுநகரில் பதினான்கு ஆண்டுகளாகச் சிசிடிவி கேமரா பொருத்தும் தொழில் செய்கிறேன். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் எனக்கு மிகவும் பழக்கமானவை. பண்ருட்டியில் முந்திரி மண்டி வைத்திருக்கும் ஒருவர், ஃபைபருக்கு மாறிய மறுநாளே கைபேசியில் கேமரா வரவில்லை என்று அழைத்தார். நான் போய்ச் சேர்வதற்குள், பதிவுக் கருவி கெட்டுவிட்டது என்று யாரோ சொன்னதை நம்பிப் புதிய கருவிக்கு முன்பணமும் கொடுத்துவிட்டிருந்தார். கருவியில் ஒரு குறையும் இல்லை. உங்கள் பை கருவியிலும் குறை இருக்காது என்றே நினைக்கிறேன், ஏனென்றால் வீட்டுக்குள் அது ஒழுங்காக ஓடுகிறது.

முதலில் ஒரு வேண்டுகோள்: ஃபைபர் பெட்டியின் பின்புறம் இருக்கும் ரீசெட் துளையில் ஊசியை வைத்து அழுத்திவிடாதீர்கள். நிறுவனம் அதில் பதித்து வைத்திருக்கும் பயனர்பெயர், கடவுச்சொல், விலேன் எண் ஆகியவை அழிந்துவிடும். பிறகு அவர்களுடைய ஆள் வரும்வரை அம்மாவுக்கு இணையமே இருக்காது.

இப்போது மூன்று எண்களை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் சொந்த ரூட்டரின் நிலைப் பக்கத்தில் டபிள்யூஏஎன் முகவரி (வெளிப்பக்க முகவரி) என்று இருப்பது ஒன்று. ஃபைபர் பெட்டியின் நிலைப் பக்கத்தில் அதே பெயரில் இருப்பது இரண்டாவது. வீட்டு வைஃபையில் இருந்தபடி, உங்கள் ஐபி முகவரி என்ன என்று காட்டும் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்தால் தெரிவது மூன்றாவது. இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றாக இருந்தால் குறை உங்கள் வீட்டுக்குள்தான் இருக்கிறது, அதை நாம் சரிசெய்துவிடலாம். வேறு வேறாக இருந்தால், நீங்கள் வீட்டுக்குள் எத்தனை போர்ட்டுகளைத் திறந்தாலும் வெளியிலிருந்து வரும் அழைப்பு உங்கள் வாசல்வரை வந்து சேரவே சேராது.

எண்ணின் தொடக்கத்தையும் கவனியுங்கள். 10, 192.168, 172.16 முதல் 172.31 வரை தொடங்குபவை வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் புழங்கும் தனி முகவரிகள். 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால், அது நிறுவனம் தன் வாடிக்கையாளர்களைப் பலபேராகச் சேர்த்து ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருப்பதற்கான அடையாளம். நூறு என்று தொடங்கினாலே அப்படி என்று முடிவு செய்துவிட வேண்டாம். இரண்டாவது எண்ணையும் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, சோதிக்கும்போது கைபேசியில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் மட்டுமே சோதியுங்கள். வீட்டுக்குள் இருந்துகொண்டே சொந்த வெளிமுகவரியைத் திறந்தால் அந்த அழைப்பைத் திருப்பி உள்ளே அனுப்பத் தெரியாத ரூட்டர்கள் நிறைய உண்டு. எல்லாம் சரியாக இருந்தும் அதனாலேயே திறக்கவில்லை என்று நினைத்து, சரியாக இருந்த அமைப்பைக் கலைத்துவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டிஎம்இசட்டை மட்டும் இன்றைக்கே அணைத்துவிடுங்கள். ஃபைபர் பெட்டிக்கு வரும் எல்லா அழைப்புகளையும் அது உங்கள் ரூட்டரின் தலையில் கொண்டுபோய்ப் போடும். இப்போது வழி அடைபட்டிருப்பதால் தீங்கு இல்லை, வழி திறந்த அன்றைக்கு அதுவே பெரிய ஓட்டை.

கெடிலக்கரை:

மிக்க நன்றி ஐயா. இன்று சனிக்கிழமை என்பதால் காலையில் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பார்த்தேன். ஃபைபர் பெட்டி பரணுக்குக் கீழே ஆணியில் தொங்குகிறது. கடவுச்சொல் அதன் அடிப்பக்கத்து ஒட்டுத்தாளில் இருக்கிறது. ஏணி போட்டு ஏறி, கைபேசி விளக்கைப் பிடித்துப் படமெடுத்துத்தான் படிக்க முடிந்தது.

என் ரூட்டரின் டபிள்யூஏஎன் முகவரி 192.168.1.4. ஃபைபர் பெட்டியின் முகவரி 100.81 என்று தொடங்குகிறது. இணையதளம் காட்டுவது 103 என்று தொடங்கும் முற்றிலும் வேறொரு எண். தரவு கடந்து செல்லும் நிறுத்தங்களை வரிசையாகக் காட்டும் ட்ரேஸ்ரூட் கட்டளையை மடிக்கணினியில் கொடுத்தேன். முதல் வரியில் என் ரூட்டர், இரண்டாவதில் ஃபைபர் பெட்டி, மூன்றாவதில் மீண்டும் 100 என்று தொடங்கும் ஒரு முகவரி, அதன் பிறகுதான் வெளியுலகம்.

டைனமிக் டிஎன்எஸ் பெயர் சரியான முகவரியைக் காட்டுகிறது என்று நான் எழுதியது தவறு என்று இப்போது புரிகிறது. அது காட்டியது அந்த 103 எண்ணை. அந்த எண் எனக்கு மட்டும் உரியதே இல்லை. டிஎம்இசட்டை அணைத்துவிட்டேன். நிலையான பொது முகவரி கிடைக்குமா என்று நிறுவனத்தை அழைத்துக் கேட்டேன். வணிகத் திட்டத்துக்கு மாறினால் மட்டுமே தருவோம் என்றார்கள். அந்த மாதக் கட்டணம் இப்போது கட்டுவதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

வலைக்காவலன் (லாஸ்பேட்டை, புதுச்சேரி):

வணக்கம். உப்பனாறு ஐயா கேட்ட மூன்று எண்களிலேயே விடை வந்துவிட்டது. புதுச்சேரியில் ஒரு கல்லூரியின் வலையமைப்பைப் பராமரிப்பவன் என்ற முறையில், உங்களுக்கு இருப்பது ஒரு பூட்டு அல்ல, இரண்டு என்பதை மட்டும் முதலில் தெளிவாக்குகிறேன்.

முதல் பூட்டு உங்கள் வீட்டுக்குள் இருக்கிறது. ஃபைபர் பெட்டியும் ஒரு ரூட்டர், உங்களுடையதும் ஒரு ரூட்டர்; இரண்டும் தனித்தனியாக முகவரி மாற்றம் செய்கின்றன. இதை டபுள் நாட் என்பார்கள். இதை நீங்களே நீக்கிவிடலாம். இரண்டாவது பூட்டு நிறுவனத்தின் நிலையத்தில் இருக்கிறது. அதற்குச் சிஜிநாட் என்று பெயர். வீட்டு வாசலைத் திறந்து வைத்திருக்கிறீர்கள், முற்றத்துக் கதவையும் திறந்திருக்கிறீர்கள், ஆனால் தெருமுனையில் இருக்கும் வாயில் உங்கள் கையில் இல்லை. உள்ளேயிருந்து வெளியே போகிறவர்களை அந்த வாயிற்காவலர் குறித்துக்கொள்வதால் அவர்களுக்கான பதில் திரும்பி வந்துவிடுகிறது. அதனால்தான் இணையம் வேலை செய்கிறது. வெளியிலிருந்து புதிதாக ஒருவர் வந்து 103 என்ற எண்ணை மட்டும் சொல்லி நின்றால், இந்தத் தெருவில் எந்த வீட்டுக்கு என்று காவலருக்குத் தெரியாது. உங்கள் அக்காளின் தொலைக்காட்சி அங்கேதான் நின்றுகொண்டிருக்கிறது.

இது உங்கள் நிறுவனம் மட்டும் செய்வதும் அல்ல. இதுவரை பேசிய எண்கள் ஐபிவி4 என்ற பழைய முறையின் முகவரிகள்; ஒவ்வொன்றும் 32 பிட் கொண்டது. மொத்தமே சுமார் 429 கோடி எண்கள்தாம். உலக அளவில் பகிர்ந்தளிக்கும் அமைப்பின் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துவிட்டது. ஆசிய பசிபிக் பகுதிக்கான பதிவகம் அதே ஆண்டு ஏப்ரலில் தன் கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. 2012 ஏப்ரலில், இப்படிப் பலரை ஒரே முகவரிக்குப் பின்னால் வைக்கும் நிறுவனங்களுக்கென்றே 100.64.0.0 தொடங்கி சுமார் 42 இலட்சம் முகவரிகள் தனியே ஒதுக்கப்பட்டன. உங்கள் பழைய இணைப்பு பொது முகவரி கொடுத்திருந்தது. அதனால் போர்ட் திருப்பிவிட்டதும் வேலை செய்தது. இப்போது உங்கள் திறமையில் எந்தக் குறையும் இல்லை, அடித்தளமே மாறியிருக்கிறது.

வழிகள் என்று பார்த்தால், பணம் கட்டிப் பொது முகவரி வாங்குவது ஒன்று. அதை நான் உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன், செலவு மட்டும் காரணம் அல்ல. 8096 என்பது ஜெல்லிஃபினின் மறைகுறியாக்கம் இல்லாத போர்ட். அதை உலகத்துக்கே திறந்து வைத்தால், நாள் முழுவதும் முகவரிகளை வரிசையாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் தானியங்கி நிரல்கள் சில மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடும். உங்கள் குடும்பத்தின் படங்கள் அதன் பின்னால் இருக்கின்றன. இரண்டு ஆண்டுகள் எதுவும் நேராமல் இருந்தது நல்ல வேளை என்றுதான் சொல்வேன்.

எண்களுக்குத் தட்டுப்பாடு இல்லாத புதிய முகவரி முறையான ஐபிவி6 இன்னொரு வழி. உங்கள் பெட்டியில் 2 என்று தொடங்கும் நீண்ட முகவரி ஒன்று கிடைத்தால் சிஜிநாட் அங்கே குறுக்கே வராது. ஆனால் அதை மட்டும் நம்பினால் அக்காள் இருக்கும் இடத்திலும் ஐபிவி6 இருக்க வேண்டும், பெட்டியின் தீயரணில் வழி விட வேண்டும், மறுஇணைப்பின்போது முகவரி மாறினால் பெயரையும் மாற்ற வேண்டும்.

அம்மா எதையும் தொடக்கூடாது என்று நீங்கள் கேட்டதை வைத்துப் பார்த்தால், டெயில்ஸ்கேல் போன்ற ஒரு தனி வலைதான் பொருத்தம். வயர்கார்டு என்ற மறைகுறியாக்க நெறிமுறையின் மேல் கட்டப்பட்டது அது. பை கருவியிலும் அக்காளின் ஆண்ட்ராய்டு டிவியிலும் நிறுவினால், இரண்டுமே உள்ளேயிருந்து வெளியே அழைத்து நடுவில் சந்தித்துக்கொள்கின்றன. வெளியிலிருந்து யாரும் கதவைத் தட்டவே வேண்டாம் என்பதால் போர்ட் எதையும் திறக்க வேண்டியதில்லை.

ஒரு குழப்பம் வரக்கூடும்: டெயில்ஸ்கேல் தரும் முகவரியும் அதே 100.64 தொகுதியிலிருந்துதான் வரும். அதைப் பார்த்து நிறுவனம் கொடுத்த முகவரி என்று நினைத்துவிடாதீர்கள். ஜெல்லிஃபின் அமைப்பில் வெளியிணைப்புகளை அனுமதிக்கும் பெட்டி குறியிடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த 100 முகவரிகளை அது வீட்டு முகவரியாகத் தானாகக் கருதுவதில்லை. உள்வலைகள் என்று கேட்கும் கட்டத்தில் உங்கள் வீட்டு வலையையும் 100.64.0.0/10 என்பதையும் சேர்த்துவிட்டால் வேகக் கட்டுப்பாடும் குறுக்கிடாது.

மிக முக்கியமானது ஒன்று. டெயில்ஸ்கேலில் ஒவ்வொரு கருவியின் சாவிக்கும் இயல்பாக 180 நாள் காலக்கெடு உண்டு. பை கருவிக்கு அந்தக் காலக்கெடுவை நிர்வாகப் பக்கத்தில் நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாம் நின்றுபோகும். ஏன் என்று யாருக்கும் புரியாது.

உப்பனாறு:

வலைக்காவலன் சொல்வதை இந்த வீட்டுக்கு ஏற்கிறேன். கடைகளுக்கு நான் இன்னும் பொது முகவரியைத்தான் சொல்லி வருகிறேன், ஏனென்றால் கேமராப் பதிவுக் கருவிக்குள் டெயில்ஸ்கேலை நிறுவ இடமில்லை.

வலைக்காவலன்:

அதற்கும் வழி உண்டு ஐயா. கடையில் ஒரு சிறிய பை கருவியை வைத்து, அதை மட்டும் டெயில்ஸ்கேலில் சேர்த்து, கடையின் வலை முழுவதுக்கும் அதையே வழிகாட்டியாக அறிவித்துவிடலாம். பதிவுக் கருவியைத் தொட வேண்டியதில்லை. பதிவுக் கருவிகளைத்தான் நான் எல்லாவற்றையும் விட அதிகமாகப் பொதுவெளியில் வைக்கத் தயங்குவேன். தொழிற்சாலைக் கடவுச்சொல்லையே மாற்றாமல் விட்ட கருவிகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

சுண்ணாம்பாறு (அரியாங்குப்பம், புதுச்சேரி):

தம்பிக்கு வணக்கம். நான் அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவள். என் மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். அவன் பாட்டுத் தொகுப்பு முழுவதும் இங்கே என் வீட்டில் ஒரு பெட்டியில் ஓடுகிறது. தொழில்நுட்பத்தை மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். வீட்டில் தனியாக இருப்பவள் என்ற இடத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது எங்கள் தெருவில் மின்சாரம் போய்விட்டது. மீண்டும் வந்தபோது தொலைக்காட்சி, மகனுடைய பெட்டி, அச்சுப்பொறி எல்லாம் ஒரே நேரத்தில் உயிர்பெற்று, ரூட்டரிடம் முகவரி கேட்டிருக்கின்றன. எது முதலில் கேட்டதோ அதற்கு ஒரு எண் கிடைத்தது. மகனுடைய பெட்டியின் பழைய எண் அச்சுப்பொறிக்குப் போய்விட்டது. அங்கிருந்து அவன் திறந்தால் எதுவும் வரவில்லை. என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க அவன் விடுப்பில் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகு ரூட்டரில் டிஹெச்சிபி (கருவிகளுக்கு முகவரி வழங்கும் ஏற்பாடு) முன்பதிவு என்ற இடத்தில் அந்தப் பெட்டிக்கே உரிய அடையாள எண்ணான மேக் முகவரியைக் குறித்து, எப்போதும் ஒரே எண் கிடைக்கும்படி செய்தான். நீங்கள் ஊருக்குத் திரும்புவதற்கு முன் இதை அவசியம் செய்துவிடுங்கள்.

கடலூரும் நம் ஊரைப் போலப் புயலுக்கும் மின்தடைக்கும் பழகிய ஊர்தான். ரூட்டருக்கென்றே 12 வோல்ட் கொடுக்கும் சிறிய மின்சேமிப்பான் கடைகளில் கிடைக்கிறது. என் மகன் அதில் ஒன்றை ஃபைபர் பெட்டிக்குப் போட்டிருக்கிறான். பை கருவிக்கு 5 வோல்ட் தேவை என்பதால் அதற்குத் தனி வெளிவழி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நொடிப்பொழுது மின்சாரம் போய் வருவதுதான் அதன் நினைவக அட்டையைக் கெடுக்கும்.

அம்மாவுக்காக ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். என் வீட்டில் இருக்கும் தாளில் இரண்டே வரிகள்தாம்: எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால் கம்பி வெளியே அறுந்திருக்கிறது, நிறுவனத்துக்குத் தொலைபேசி செய், சிவப்பு இல்லையென்றால் எதையும் தொடாதே, மகனுக்குச் சொல். ஃபைபர் பெட்டியின் மின்கம்பியில் மஞ்சள் நூலும், மகனுடைய பெட்டியின் கம்பியில் பச்சை நூலும் கட்டியிருக்கிறேன். மகன் தொலைபேசியில் பச்சையைப் பிடுங்கிப் போடுங்கள் என்றால் எனக்கு உடனே புரியும். இப்படிச் சொன்னால் எங்களைப் போன்றவர்களால் உதவவும் முடியும், தம்பி.

கெடிலக்கரை:

அம்மா, உங்கள் மஞ்சள் நூலையும் பச்சை நூலையும் அப்படியே செய்துவிட்டேன். என் அம்மா தாமே பூக்கட்டும் நூலை எடுத்து வந்து, மஞ்சளில் நனைத்துக் கட்டினார்; பச்சைக்கு பழைய ரிப்பன் ஒன்று கிடைத்தது.

நடந்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன், இதே நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும். முதலில் என் ரூட்டரை ரூட்டராக இல்லாமல் வெறும் வைஃபை நிலையமாக மாற்றினேன். அதன் டிஹெச்சிபியை அணைத்து, அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, கேபிளை டபிள்யூஏஎன் துளையிலிருந்து எடுத்து வீட்டுப் பக்கத்துக்கான லேன் துளையில் செருகினேன். வீட்டில் எல்லாக் கருவிகளும் ஒரே வலைக்குள் வந்துவிட்டன. பை கருவிக்கு 192.168.1.20 என்று ஃபைபர் பெட்டியில் முன்பதிவு செய்தேன்.

பிறகு பை கருவியில் டெயில்ஸ்கேலை நிறுவினேன். கைபேசியில் வைஃபையை அணைத்துவிட்டுத் தெருவுக்கு இறங்கி, மொபைல் டேட்டாவில் திறந்தேன். ஜெல்லிஃபின் நுழைவுப் பக்கம் வந்தபோது, மூன்று வாரம் மூடியிருந்த ஒரு கதவு திறந்த மகிழ்ச்சி இருந்தது. ஆனால் அக்காள் தன் தொலைக்காட்சியில் திறந்தபோது பத்து நொடிக்கு ஒருமுறை படம் நின்றது. வீட்டில் மேலேற்றும் வேகம் நொடிக்கு 38 மெகாபிட் இருக்கிறது, கோப்புகளோ 3 மெகாபிட்தான்; ஏன் நிற்கிறது என்று முதலில் புரியவில்லை. பை கருவியில் டெயில்ஸ்கேல் நிலையைப் பார்த்தால், அக்காளின் தொலைக்காட்சிக்கு நேராக 'ரிலே' என்று இருந்தது. அதாவது இரண்டு முனைகளும் நேரடியாகச் சந்திக்க முடியாமல், இடைநிலைச் சர்வர் ஒன்றின் வழியாகப் போய்க்கொண்டிருந்தன.

வலைக்காவலன் ஐபிவி6 பற்றி எழுதியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஃபைபர் பெட்டியின் அமைப்பில், நிறுவனத்தின் பக்கம் ஐபிவி6 கிடைத்துக்கொண்டிருந்தும் வீட்டுப் பக்கம் அது அணைக்கப்பட்டிருந்தது. அதை இயக்கி, பை கருவியை ஒருமுறை அணைத்துப் போட்டதும் 2 என்று தொடங்கும் முகவரி கிடைத்தது. அக்காளின் வீட்டிலும் ஐபிவி6 இருக்கிறது. அடுத்த நிமிடமே 'ரிலே' என்பது 'நேரடி' என்று மாறியது; போய்வரும் நேரம் 310 மில்லிநொடியிலிருந்து ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அதற்குப் பிறகு படம் நிற்கவில்லை.

சாவியின் காலக்கெடுவையும் நீக்கிவிட்டேன். மின்சேமிப்பான் அடுத்த வாரம் வாங்குகிறேன்.

நேற்று ஞாயிறு இரவு எட்டரை மணிக்கு, அங்கே மாலை ஐந்து மணி, அக்காள் முதலில் திறந்தது 1994 மாசிமகம். கூட்டத்தில் அப்பா கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு வருவது ஒரு பாத்திரக் கடையின் கண்ணாடியில் மூன்று நொடி தெரியும். பழைய 700 கிலோபிட் கோப்பில் அது வெறும் நிழலாகத்தான் இருந்தது. அக்காள் அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, பிள்ளைகளை அழைத்துத் தாத்தாவைக் காட்டியிருக்கிறார்.

உப்பனாறு:

மிக்க மகிழ்ச்சி ஐயா. ஒன்று மட்டும் கேட்கிறேன்: இரண்டு பெட்டிகளிலும் நீங்கள் முன்பு போட்ட 8096 திருப்பல் விதிகளையும் யுபிஎன்பியையும் நீக்கினீர்களா? ஐபிவி6 இயங்குவதால் ஃபைபர் பெட்டியின் ஐபிவி6 தீயரண் இயக்கத்தில் இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். சிஜிநாட் ஐபிவி4 பக்கத்துக்கு மட்டும்தான் மறைப்பு.

கெடிலக்கரை:

விதிகள் ஃபைபர் பெட்டியில் அப்படியே இருந்தன. நீங்கள் கேட்ட பிறகு சென்னையிலிருந்தே பை கருவியின் வழியாக உள்ளே சென்று நீக்கினேன். யுபிஎன்பியை அணைத்துவிட்டேன். ஐபிவி6 தீயரண் இயக்கத்தில்தான் இருக்கிறது. டைனமிக் டிஎன்எஸ் பெயரையும் ரத்து செய்துவிட்டேன்.